அருவிச் சத்தம் பதிவு செய்யப் போன முத்துவடிவு

அச்சன்புதூர் முத்துவடிவு ஆஸ்திரேலியாவைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் மெல்போர்னில் இருந்த ஒரு வீடியோ கேம் நிறுவனத்துக்கு ஆறு வருடம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். கேசட்டில் கேம் விற்ற காலத்தில் மூன்று நண்பர்கள் கார் ஷெட்டில் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களுக்கு வயதாகிவிட்டதால் போன வருடம் மூடிவிட்டார்கள்.

"இனி என்னட்டி செய்யப் போற?" என்று கேட்டார் அப்பா சுடலைமணி, ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு.

"அவங்க கார் ஷெட்டுல ஆரம்பிச்சாங்க. நான் தென்காசியில ஒரு மாடி ரூம்ல ஆரம்பிக்கேன்ப்பா."

ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்துகொண்டிருந்த மஞ்சு படம் வரைய வந்து சேர்ந்தாள். குற்றாலத்துக் குரங்குகளிடம் பையைப் பறிகொடுக்காமல் போய் அருவியில் குளித்துத் திரும்ப வேண்டும். அதுதான் அவர்களுடைய முதல் கேம். படங்கள் அருமையாக வந்தன. அருவிச் சத்தம் மட்டும் சட்டியில் வடை பொரிவதைப் போல இருந்தது.

சீசன் தொடங்கியதும் நிஜச் சத்தத்தைப் பதிவு செய்ய இருவரும் ஐந்தருவிக்குப் போனார்கள். காற்று இரையாமல் இருக்க மைக்குக்குப் புசுபுசுவென்று ஓர் உறை மாட்டியிருந்தார்கள். குட்டி என்று நினைத்ததோ என்னவோ, ஒரு குரங்கு அதை உருவி மார்போடு அணைத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. பக்கத்தில் ரம்புட்டான் பழம் விற்றுக்கொண்டிருந்த இசக்கிச்செல்வி கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஏட்டி, அங்கன ஓடுது பாரு! பழத்தைக் காட்டு, பழத்தைக் காட்டு!"

குரங்கு பழத்தையும் வாங்கிக்கொண்டது, உறையையும் தரவில்லை.

மாலையில் பதிவைக் கேட்டபோது அருவி இரைச்சலுக்கு மேலே இசக்கிச்செல்வியின் குரல்தான் கணீரென்று ஒலித்தது.

"இதை வெட்டிருவோமாக்கா?" என்று கேட்டாள் மஞ்சு.

"வெட்டாதட்டி! குரங்கு பையைப் பிடுங்கும்போது இந்தச் சத்தந்தான் வரணும்."

மறுநாள் சம்மதம் கேட்கப் போனார்கள். இசக்கிச்செல்வி மஞ்சுவின் ஃபோனில் தன் குரலைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். "நான் இவ்வளவு சத்தமாவா பேசுதேன்? தாராளமாப் போட்டுக்கோங்க."

கேம் வெளிவந்த இரண்டே மாதத்தில் சிவகிரி வரைக்கும் பிள்ளைகள் "பழத்தைக் காட்டு" என்று ஒருவரையொருவர் கேலி செய்யத் தொடங்கினார்கள். துபாயிலிருக்கும் ஊர்க்காரர்கள், அந்தக் குரலைக் கேட்கவே பையைப் பறிகொடுப்பதாக எழுதினார்கள். இப்போது இரண்டாவது கேம் தயாராகிறது. இசக்கிச்செல்வி வாரத்தில் ஒருநாள் மாடியேறி வந்து பேசிக் கொடுக்கிறார்.

"மைக் பக்கத்துலதான் இருக்கு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்கக்கா" என்றாள் முத்துவடிவு.

"மெதுவாப் பேசினா குரங்கு கேக்குமாட்டி?" என்று கேட்டுவிட்டு, அவர் இன்னும் உரக்கப் பேசத் தொடங்கினார்.