டேங்கர் மேல இருந்த சிவப்பு எழுத்து

இன்னிக்கு மணலி பஸ்ல பக்கத்துல எங்க தெரு ஸ்டெல்லா அக்கா. சிக்னல்ல நின்ன டேங்கர் லாரியைக் காட்டி, "அந்த சிவப்பு எழுத்து இன்னா?"ன்னு கேட்டாங்க.

"'வாலட்டைல்'னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. சட்டுன்னு மாறிடும்னு அர்த்தம்க்கா."

போன்ல தேடினேன். லத்தீன்ல 'பறக்கிறது'ன்னு அர்த்தமாம். முதல்ல பறவைங்களுக்குத்தான் சொன்னாங்களாம். அப்புறம்தான் ஆவியாப் பறந்துடுற திரவத்துக்கும், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுற மனுஷனுக்கும் வந்துச்சாம். படிச்சுக் காட்டினேன்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

"எங்க வூட்டுக்காரரு கழுவ எறங்கின டேங்க்லயும் இதே எழுத்துதான். எனக்கு மறக்கல. காலி டேங்குன்னு எறங்கினாரு. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, உள்ள ஆவி நிக்குதுன்னு தெரியல. பொணமாத்தான் தூக்கினாங்க."

அப்புறம் என் பக்கம் திரும்பிக் கேட்டாங்க: "பறக்கும்னு தமிழ்ல எழுதினா, பெயிண்ட்டு தீர்ந்துடுமா?"

தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்கப்பா.