கசப்புக் கொடியும் என் வீட்டுக்காரரும்

புழுக்காரர் என்றால்தான் எங்கள் தெருவில் என் வீட்டுக்காரரைத் தெரியும். வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில் புழு வளர்க்கிற வேலை. கல்யாணமான புதிதில் என் தங்கை, அத்தானுக்கு என்ன உத்தியோகம் என்று நாலு பேர் முன்னால் கேட்டு என் மானத்தை வாங்கினாள். இலை பறிப்பார், எச்சம் கூட்டுவார், எறும்பு ஏறாமல் மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார். வீட்டில் சோறு ஆறினால் கவலையில்லை, அங்கே இலை வாடக்கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டினால் பதில் பேசமாட்டார், அவரே ஒரு வாயில்லாப் பூச்சி.

அவர் உயிரையே வைத்திருந்தது கறுப்பும் பச்சையுமான ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி இனத்தின்மேல். மழைக்காட்டின் உச்சிக் கிளைகளில் பறக்கும், முட்டையிடத்தான் கீழே இறங்கும். அதுவும் கசப்புக் கொடி என்று நாங்கள் சொல்கிற ஒரே கொடியில். புழு வேறு இலையைத் தொடாது, பட்டினி கிடந்தே சாகும். எங்கள் பக்கத்தில் அந்தக் கொடி இருந்தது தோட்டத்துக்குப் பின்னாலிருந்த சரிவில் மட்டும்.

சாலைக்காகச் சரிவை வெட்டினார்கள். மரம் போனது, கொடி போனது, பூச்சிகளும் போயின. அதற்குள் ஒரு தாய்ப்பூச்சியின் முட்டைகளை இவர் இலையோடு எடுத்து வந்திருந்தார். இதுதான் கடைசி வம்சம், வளர்த்து, மலைக்கு அந்தப் பக்கம் கொடியும் நட்டு அங்கே விடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். புழுக்கள் விரல் தடிமன் ஆனபோது, பறித்து வைத்திருந்த இலை தீர்ந்துபோனது.

அலைந்து திரிந்து ஒரு நர்சரியில் அதே கொடியைத் தொட்டிகளில் பிடித்தார். பூவுக்காக வளர்ப்பார்களாம். பூச்சிமருந்து இருந்தால் போகட்டும் என்று ஒவ்வொரு இலையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மருந்து இலைமேல் இல்லை. மண்ணில் ஊற்றியிருந்தார்கள், வேர் வழியாக உள்ளே ஏறியிருந்தது. புது இலையை முதலில் ஒரு புழுவுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர் அவர்தான். அன்றைக்குப் பசியில் துடிக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் பச்சையாகக் கக்கிச் சுருண்டு கிடந்தன.

தப்பியது ஒன்றே ஒன்று. இலை தீருமுன்பே கூட்டுப்புழுவாகி மேசையடியில் தொங்கியது. பெண்ணாக வெளிவந்தது. என்ன அழகு! பார்த்து நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. அது தோட்டத்து வலைக்கூண்டின் கூரையில் முட்டி மோதுவதையே பார்த்துக்கொண்டு, சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை.

"தொறந்து விடுங்க, பாவம். வெளியவாவது போகட்டும்."

"விடலாம். போய் யாரத் தேடும்?" என்றார்.

நானே கதவைத் திறந்தேன். வெட்டிய சரிவுக்கு மேலே, மரங்கள் இருந்த உயரத்தில் அது வெகுநேரம் சுற்றியது. பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாத," என்றார். "உக்கார எடமில்லன்னா திரும்பி வரும்."

இருட்டும்வரை திறந்தே வைத்திருந்தோம். அது வரவில்லை.