குறிப்பேட்டில் ஏறாத வரி

மலேசியாவின் ஈப்போவில் ஏர்கோன் குளிர்சாதனங்களைப் பழுது பார்க்கும் குணசீலன்தான் பதினெட்டு ஆண்டுகளாக அந்த நாடகக் குழுவின் எழுத்தாளர். ஒத்திகையில் நடிகர்கள் தோன்றியதைப் பேசுவார்கள். அவர் குறிப்பேட்டில் ஏற்றியதே நாடகமாகும்.

போன ஞாயிறு ஒத்திகையில், குழுவுக்குப் புதிதாக வந்த யோகேஸ்வரி, தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன துரையாக நடித்தவரிடம் ஒரு வரி பேசினாள். எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். குணசீலன் தானே எழுதிய வசனத்துக்கு ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. அந்த வரியை மட்டும் அவர் எழுதவில்லை.

இந்த ஞாயிறு இயக்குநர் மோகனா குறிப்பேட்டைப் புரட்டினாள். “அண்ணே, யோகேஸ் பேசினது எங்க?”

“விட்டுப்போச்சு போல.”

“எனக்கும் ஞாபகம் இல்லக்கா,” என்றாள் யோகேஸ்வரி. “வாய்க்கு வந்தத பேசினேன். விடுங்கலா, அண்ணன் நல்லதா ஒண்ணு எழுதுவாரு.”

அவர் பேனாவைத் திறந்தார். ஏழு நாளும் ஏணிமேல் நின்றபோதெல்லாம் அந்த வரிதான் காதில் ஒலித்தது. அதற்கு மாற்றாக எழுதிப் பார்த்த இருபதும் சப்பென்று இருந்தன.

“‘வீட்ட இடிச்சுக்குங்க தொரே. சாவிய மட்டும் கேக்காதீங்க,’” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

“அடேங்கப்பா, ஒரு சொல்லு மாறல! அண்ணனுக்கு என்மேல எவ்வளவு பாசம்!” என்று யோகேஸ்வரி கைதட்டினாள்.

அவர் குறிப்பேட்டின் மேல் குனிந்து, அடுத்த பக்கத்திலும் பதியும்படி அழுத்தி எழுதிக்கொண்டிருந்தார்.