பழனிவேலுவை மைக் முன் நிறுத்திய நாள்

1. வராத சாவி

ஆறு மணி ஷோ. மணி ஐந்தே முக்கால் ஆகியும் சாவி வந்து சேரவில்லை.

சாவி என்றால் கதவுச் சாவி அல்ல. இப்போதெல்லாம் படம் ஹார்ட் டிஸ்கில் வருகிறது. அதைச் சர்வரில் ஏற்றி வைத்தாலும், கம்பெனி மெயிலில் அனுப்பும் 'கீ' இல்லாமல் திரையில் ஓடாது. எந்தத் தியேட்டர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதெல்லாம் அதிலேயே பதிந்திருக்கும். அது வராவிட்டால் கறுப்புத் திரைதான்.

குமாரபாளையத்தில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராகச் சேர்ந்து, மேனேஜராக ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்கு முந்தைய வருடம் நடந்தது இது. பெரிய நடிகர் படம். மூன்று வருடம் இழுத்தடித்து வெளியாகப் போகிறது. ரிலீஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ரசிகர்களுக்கு மட்டும் ஒரு பிரிவியூ ஷோ போடுவதென்று முடிவானது. மதியத்திலிருந்தே கூட்டம் கேட்டை நெருக்கிக்கொண்டிருந்தது. தாரை தப்பட்டை நின்று, கேட்டைக் காலால் உதைக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நான் கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது படியில் ஏறி நின்றவர் பழனிவேலு. நகர ரசிகர் மன்றத் தலைவர். பத்தொன்பது வருடமாக அவர்தான். விசைத்தறி ஓட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும்.

"கீ இன்னும் வரலீங்களாமா. மேனேஜரண்ணன் போன்ல பேசீட்டிருக்கறாரு. கேட்ட ஒடச்சா யாரு பேரு கெடும்? தலைவரு பேருதான் கெடும். எல்லாரும் கொஞ்சம் அக்கட்ட நில்லுங்க."

அவ்வளவுதான் சொன்னார். அத்தனை பேரும் பின்னால் நகர்ந்தார்கள். ஆறு பத்துக்குக் கீ வந்தது. படம் ஓடியது.

2. தலைகள்

இந்தத் தொழிலில் படம் தேறுமா தேறாதா என்று அறிய நாங்கள் திரையைப் பார்ப்பதில்லை. கேபின் துவாரம் வழியாகத் தலைகளைப் பார்ப்போம்.

முதல் இருபது நிமிடம் விசிலும் காகிதத் துண்டும் பறந்தன. நாயகன் வந்து நின்றபோது ஸ்பீக்கர் சத்தமே கேட்கவில்லை. அப்புறம் மெல்ல மெல்ல அடங்கியது. முக்கால் மணி நேரத்தில் இருட்டுக்குள் ஒரு செல்போன் வெளிச்சம் முளைத்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசைக்கு நாலைந்து. இடைவேளையில் கேன்டீன் பக்கம் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடித்தார்கள். இரண்டாம் பாதியில் பின்வரிசையில் ஒருவன் மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் துக்கத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. பழனிவேலு இரண்டு கையையும் முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

விநியோகஸ்தரின் ஆள் குணசேகர் சேலத்திலிருந்து வந்திருந்தார். படம் முடியப் போகும் நேரத்தில் என்னிடம் வந்தார்.

"சார், யூடியூப்காரங்க வெளிய மைக்கோட நிக்கறாங்க. நல்லாப் பேசற ஆளு ஒருத்தர முன்னால அனுப்புங்க. நாலு பேருக்குத் தெரிஞ்ச மொகமா இருக்கட்டும்."

எனக்கு ஒரே ஒரு முகம்தான் தோன்றியது.

பழனிவேலு கூட்டத்தோடு வெளியே போகாமல், பக்கவாட்டு வழியாக வண்டி ஸ்டாண்டுக்கு நழுவிக்கொண்டிருந்தார். நான் போய்க் கையைப் பிடித்தேன்.

"வேண்டாமுங்கண்ணா. எனக்குப் பேச வராதுங்க."

"ரெண்டே வார்த்தை பழனிவேலு. சொல்லீட்டுப் போயிரு."

"என்னத்தச் சொல்லட்டுங்க?"

"உனக்குத் தோணுனதச் சொல்லு."

அவசரத்தில் சொன்னது. ரசிகன் வழக்கமாகச் சொல்வதைத்தான் அவரும் சொல்வார் என்று நினைத்தேன். மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதும் நான்தான்.

"பத்தொம்பது வருசமா தலைவரு படம் பாக்கறனுங்க," என்றார். "இன்னைக்குத்தான் மொத தடவையா எப்படா முடியும்னு இருந்துச்சுங்க. அவரு மேல தப்பில்லீங்க. கூட இருக்கறவங்க யாரும் அவருகிட்ட உண்மையச் சொல்றதில்லீங்க. நாமளாவது சொல்லோணுமில்லீங்களா?"

கண் கலங்கியிருந்தது. அவர் வேறு யாரிடமோ அல்ல, அந்த நடிகரிடமே பேசுவதுபோல்தான் பேசினார். சுற்றி நின்றவர்களில் ஒருவன், "எவனுக்குய்யா வேல பாக்கற நீயி?" என்று அவர் சட்டையைப் பிடித்தான். நானும் வாட்ச்மேனும் அவரை ஆபீஸ் ரூமுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினோம்.

3. மறுநாள்

காலையில் அந்தப் பேச்சு எல்லாப் போனிலும் இருந்தது. ஆனால் முழுசாக இல்லை. "எப்படா முடியும்னு இருந்துச்சுங்க" என்ற ஒரு வரி மட்டும். எதிர் நடிகரின் ரசிகர்கள் அதில் சிரிப்புச் சத்தம் சேர்த்துச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். மற்றதையெல்லாம் யாரோ வெட்டிவிட்டார்கள்.

தியேட்டர் வாசலில் கட்டியிருந்த பேனரின் மூலையில் பழனிவேலுவின் படம் இருந்தது. முதல் ஷோவுக்கு முன்னால் மன்றத்துக்காரர்கள் ஏணி போட்டு ஏறி, பிளேடால் அவர் முகத்தை மட்டும் அறுத்து எடுத்தார்கள். அந்த ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் மன்றத்தின் மாவட்டப் பொறுப்பாளர் போன் செய்தார்.

"ஏனுங்க மேனேஜரே, அவன மைக் முன்னாடி நிறுத்துனது யாருங்க?"

"தெரியலீங்க," என்றேன். "கூட்டத்துல யாராச்சும் கூப்பிட்டிருப்பாங்க."

தியேட்டரை அடித்து நொறுக்கிவிடுவார்களோ, அடுத்த படம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம். இப்போது எழுதும்போது காரணங்கள் வரிசையாக வருகின்றன. அன்றைக்கு யோசிக்கக்கூட இல்லை. கேட்டதும் வாயில் பொய் வந்தது.

பழனிவேலு வேலை பார்த்த தறிக்கூடத்தின் முதலாளி, மன்றச் செயலாளரின் அண்ணன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறு தறிக்காரர்களும் வம்பு எதற்கென்று ஒதுங்கினார்கள். நாலு நாள் கழித்து அவர் மனைவி சுமதி டிக்கெட் கவுன்டர் பக்கம் வந்து நின்றார்.

"நீங்க கூப்பிட்டுத்தான் பேசுனாருன்னு ஒரு வார்த்தை அவங்ககிட்டச் சொல்லீருங்கண்ணா. ஊட்ட உட்டு வெளிய வரவே மாட்டேங்கறாரு. சோறு எறங்க மாட்டேங்குதுங்க. போன வெச்சுக்கிட்டு அதையவே திருப்பித் திருப்பிப் பாக்கறாரு."

"சொல்றேம்மா. நீ போ," என்றேன்.

சொல்லவில்லை.

இரண்டாவது வாரமே படத்தைத் தூக்கிவிட்டோம். அதற்குள் மன்றத்துக்காரர்களே என் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து, "படம் சரியில்லீங்க" என்று பேசினார்கள். பழனிவேலு சொன்னதற்கு மேலேயே சொன்னார்கள். ஆனால் அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

4. மேட்டூரில்

ஓய்வுக்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்காக மேட்டூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை முன்னால் பழனிவேலு நின்றிருந்தார். கெமிக்கல் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலையாம். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகாமல் அவரே வந்து, "வாங்கண்ணா, நல்லாருக்கீங்களா?" என்றார்.

படம் பார்ப்பதுண்டா என்று கேட்டேன். "இல்லீங்க, உட்டுட்டனுங்க," என்றார்.

"அன்னைக்கு நாந்தான் உன்னக் கூப்பிட்டேன்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்கோணும் பழனிவேலு. பயந்துட்டேன்."

தறிச் சத்தத்தில் வருடக்கணக்காக நின்றதில் அவருக்குக் காது மந்தம். "என்னுங்க?" என்று தலையைச் சாய்த்தார். அதையே நான் சத்தமாகத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியுமுங்கண்ணா," என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு மட்டும் கேட்டுக்கறனுங்க. சுமதியப் பாத்தா இதச் சொல்லீராதீங்க. நீங்க போய்ச் சொன்னீங்க, அவங்கதான் காதுல போட்டுக்கலைன்னு அவகிட்டச் சொல்லி வெச்சிருக்கறனுங்க. ஊர்ல ஒருத்தராச்சும் நமக்காகப் பேசுனாங்கன்னு அவ நெனச்சுட்டிருக்கட்டுங்க."

ஈரோடு பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

தியேட்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கீ வராவிட்டால் ஹெல்ப்லைனுக்குப் போன் செய்யலாம். கூட்டம் மிஞ்சினால் போலீஸைக் கூப்பிடலாம். ஒரு ரசிகனை நாமே பிடித்து இழுத்துப் பேச வைத்துவிட்டு, யார் கூப்பிட்டது என்று கேட்கும்போது நான்தான் என்று சொல்ல முடியாதென்றால், அவர் கையைப் பிடிக்காதீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போகட்டும்.