கேட்டில் கத்திய வயிறு

கும்மிடிப்பூண்டி செம்புக் கம்பி ஆலையில் அரசப்பனைப் போல ஒரு யோக்கியரைப் பார்க்க முடியாது. கேன்டீன் டம்ளரைக்கூடக் கைமறதியாய் எடுத்துப் போகாத மனிதர். அப்படிப்பட்டவர் ஷிப்டு முடிந்து கேட்டைத் தாண்டும்போதுதான், செக்யூரிட்டி அன்புராஜ் கையிலிருக்கும் மெட்டல் சோதனை மிஷின் அவர் வயிற்றைப் பார்த்துக் கீ கீ என்று கத்தும்.

முதல் பழி பெல்ட்டுக்கு. கழற்றினார். அடுத்த பழி வெள்ளி அரைஞாணுக்கு. பிறந்ததிலிருந்து இடுப்பை விட்டு இறங்காத அதையும் கழற்றி பீரோவில் வைத்தார். மிஷின் விடவில்லை. அன்புராஜ் தினமும் அவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சத்தம் வந்தது, செம்பு இல்லை" என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவான். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

சிரிப்பைத் தாங்கிவிடலாம். ஒருநாள் மனைவி திலகவதி சோறு போட்டபடியே மெதுவாகக் கேட்டாள்:

"தப்பா நெனைக்காத. ஏதாச்சும் எடுத்தியா?"

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் வருஷம் ஆலை புது மிஷின் வாங்கியது. அதுவும் கத்தியது. செம்பை முழுங்கிவிட்டான் என்று முடிவு கட்டிய மேலாளர், தன் செலவில் எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். செம்பு இல்லை. விரல் நீளத்தில் ஒரு இடுக்கி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தனியார் ஆஸ்பத்திரி குடல்வால் ஆபரேஷன் செய்தபோது உள்ளேயே வைத்துத் தைத்தது. வயிறு வலித்தபோதெல்லாம் கேஸ் டிரபிள் என்று ஓமத் தண்ணீர் குடித்து அதை வளர்த்திருக்கிறார்.

இடுக்கியை வெளியே எடுத்ததும் வக்கீல் கிரேஸிடம் போனார்.

"ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டிருக்கணும், அண்ணே. இப்ப தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடணும். அதை ஏத்துக்கினாதான் கேஸே."

"இன்னாம்மா இது! வெச்சித் தெச்சவன் அவன், மன்னிப்பு நான் கேக்கணுமா?"

கேட்டுத்தான் ஆகவேண்டும். சட்டத்துக்கு அப்படியொரு மரியாதை.

திருவள்ளூர் நுகர்வோர் கோர்ட்டில் ஆஸ்பத்திரி வக்கீல், அந்த கேட் நோட்டையே எப்படியோ வாங்கி வந்து நீதிபதி அம்மாவின் மேஜையில் போட்டார்.

"அம்மா, மூன்று வருஷம் தினமும் சத்தம் கேட்டிருக்கிறது. தினமும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வயிற்றுக்குள் ஏதோ இருக்கிறது என்று அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?"

கிரேஸுக்கே முகம் வெளுத்துவிட்டது. நீதிபதி அம்மா அரசப்பனைப் பார்த்தார். "யாருக்குமே சந்தேகம் வரலையா?"

"வந்துச்சும்மா," என்றார் அரசப்பன். "எல்லாருக்கும் வந்துச்சு. என் மேலதான் வந்துச்சு. எங்கூட்டுக்காரிக்குக்கூட."

ஹாலில் எழுந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. நீதிபதி அம்மா நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். செம்பு இல்லை, செம்பு இல்லை, மிஷின் கோளாறு, செம்பு இல்லை. தினமும் தடவிப் பார்த்த செக்யூரிட்டிக்கும் மேலாளருக்கும் தெரியாதது இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்டுவிட்டு, தாமதத்தை மன்னித்து வழக்கை ஏற்றுக்கொண்டார்.

கேஸ் இன்னும் எத்தனை வருஷம் ஓடுமோ தெரியாது. வீட்டுக்கு வந்ததும் திலகவதி பீரோவைத் திறந்து வெள்ளி அரைஞாணை எடுத்து வந்தாள். அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள்.

"நானும் மனு போடணுமா?" என்றாள்.

"வாணாம்," என்றார் அரசப்பன். "இறுக்கிக் கட்டு."