படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய குடும்பப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. என் மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொல்லச் சொல்ல, ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் நான் பதிந்து வைத்தேன்.

மாமி காலமானதும் முப்பத்தோராம் நாளன்று அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலருக்குப் படங்கள் தேவைப்பட்டன. பழைய மென்பொருள் ஊர்ந்தது. வேகத்தை மட்டும் பார்த்து வேறொன்றைத் தெரிவுசெய்து, பழையதை அழித்தேன். படங்கள் எல்லாம் வந்தன. ஒரு பெயரும் வரவில்லை.

"அம்மாவுக்குப் பக்கத்தில நிக்கிறது ஆர்?" என்றார் கணவர்.

"உங்கட ஆக்கள்தானே, நீங்கள்தான் சொல்ல வேணும்."

"எனக்கும் தெரியேல்லை."

கனடாவில் மூன்று உறவினரைக் கேட்டோம். ஆளுக்கொன்றாக மூன்று பெயர் சொன்னார்கள். அச்சகம் அவசரப்படுத்தியது. பதில் தெரிந்தவரின் நினைவு மலரைத்தான் நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

வேறு வழியின்றிப் பழைய மென்பொருளையே திரும்பப் போட்டேன். நல்லகாலம், பெயர்கள் இருந்த அதன் தரவுக் கோப்பு அழியாமல் கிடந்தது. எந்த மென்பொருளில் திறந்தாலும் தெரியும்படி பெயர்களைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும் வசதியும் அதில் இருந்திருக்கிறது. நான்தான் ஒருநாளும் டிக் போடவில்லை.

இப்போது எந்த மென்பொருளை எடுத்தாலும், முதலில் பத்துப் படங்களுக்குப் பெயரிட்டு வேறொன்றில் திறந்து பார்க்கிறேன். பெயர் வராவிட்டால் அது வேண்டாம்.

இன்னும் நாற்பது படங்கள் எதில் திறந்தாலும் பெயரில்லாமல்தான் இருக்கின்றன. "மிச்சத்தைப் பிறகு பாப்பம், மாமி" என்று, அவர் பெயர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அன்று எழும்பிப் போனது நான்தான்.