வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து

இன்று காலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் பலகாரக் கடைக்கு சேவியர் அங்கிள் வந்தார். பக்கத்துத் தெருவில் மசாஜ் சென்டர் வைத்திருக்கிறார். அவருக்குப் பார்வை கிடையாது. எதுவானாலும் போன்தான் வாசித்துச் சொல்லும்.

"ஏம்மா, உன் வெப்சைட்ல முறுக்கு ஆர்டர் பண்ண முடியல லா. ஒரே ஒப்பாரி."

"என்ன ஒப்பாரி அங்கிள்?"

போனை என் பக்கம் நீட்டினார். அது ஊர் ஊராகப் பெயர் சொல்லி மூச்சு விடாமல் வாசித்தது. "மலிவான முறுக்கு செராஸ், மலிவான முறுக்கு கிள்ளான், மலிவான முறுக்கு பந்திங், ராணி அக்கா முறுக்கு, ராணி அக்கா அதிரசம்..."

ராணி அக்கா என் எதிர்க்கடைக்காரர். தினமும் நான் பார்க்கும் என் பக்கத்தில் இப்படி ஒரு வரிகூட இல்லையே!

வெப்சைட்டைச் செய்து கொடுத்த தினேஷைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"அது கூகுள் மாதிரி தேடுற மெஷினுக்கு மட்டும்தான்க்கா. வெள்ளைப் பக்கத்துல வெள்ளை எழுத்துல போட்டிருக்கேன். ராணி அக்காவைத் தேடுறவங்க நம்மகிட்ட வந்துடுவாங்க. யார் கண்ணுக்கும் தெரியாது, பயப்படாதீங்க."

"என் கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சே தம்பி" என்றார் அங்கிள்.

எழுத்தை எடுக்க வைத்துவிட்டேன். இனி சாலையைக் கடந்து ராணி அக்காவிடம் நானே போய் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வெப்சைட் வைத்திருப்பவர்களே, உங்கள் பக்கத்தைப் போனை வாசிக்கவிட்டு ஒரு தடவை கேளுங்கள். எதிர்க்கடைப் பெயர் வந்தால் இங்கே கை தூக்குங்கள். தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.